காற்றில் நடக்கும் துப்புரவு



கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. தீபாவளித் துணி எடுக்கவும் திருமண நகை பார்க்கவும் தோட்டப்புறங்களிலிருந்தும் நாம் அங்கே போகிறோம். வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்து செல்லும் வேளையில் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது. மறுநாள் விடியற்காலையில் போய் நின்றால் அந்த நெடி பெரும்பாலும் இருப்பதில்லை. அது எங்கே போயிற்று? இதைப் பற்றித்தான் இன்று காணப்போகிறோம்.

பெட்ரோலில் பென்சீன், டொலுவீன், சைலீன் என்னும் பொருள்கள் உள்ளன. ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையமே இவற்றின் அடிப்படை. வேதியியலார் இவற்றை அரோமாட்டிக் சேர்மங்கள் என்பர். டொலுவீன் சாயத் தின்னரிலும் சிலவகைப் பசைகளிலும் உண்டு. இவற்றுள் பென்சீன் கொடியது. நெடுநாள் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை.

இவற்றைக் காற்றிலிருந்து அகற்றும் துப்புரவாளர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹைட்ராக்சில் தனி உறுப்பு. ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த சிறு துணுக்கு அது. சூரியனின் புற ஊதாக் கதிர் ஓசோனைப் பிளக்கிறது, அதிலிருந்து வெளிப்படும் ஆக்சிஜன் அணு நீராவியோடு மோதுகிறது, ஹைட்ராக்சில் பிறக்கிறது. வெயிலும் ஈரமும் மிகுந்த நம் நாட்டுக்கு இது பொருத்தமான வேலையாள் அல்லவா? நிலத்தை ஒட்டிய காற்றில் இதன் பங்கு எவ்வளவு பெரியது என்பதை 1971இல் ஹைராம் லெவி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார்.

ஆனால் இந்த வேலையாளின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வினாடிதான். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சராசரியாகச் சுமார் 10 இலட்சம் ஹைட்ராக்சில்கள் இருக்கும். பெரிய எண் போல் தோன்றினாலும், 25 இலட்சம் கோடி காற்றுத் துகள்களுக்கு ஒன்று என்பதே அதன் பொருள். இத்துணை அரிய பொருளின் வேகத்தை எப்படி அளப்பது? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி ஒப்பிட்டு அளப்பது. கல்யாண வீட்டில் 100 முறுக்கும் 100 லட்டும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் என்று எண்ண முடியவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் முறுக்கு 50, லட்டு 25. முறுக்கு ஒருமுறை பாதியாவதற்குள் லட்டு இருமுறை பாதியாகிவிட்டது. ஆகவே லட்டின் மீது இரு மடங்கு வேகம். பிள்ளைகளை எண்ணாமலே விடை கிடைத்துவிட்டது! இவ்வாறே, வேகம் தெரிந்த ஒரு பொருளையும் தெரியாத ஒரு பொருளையும் ஒரே கலத்தில் அடைத்து, அங்கே ஹைட்ராக்சிலை உண்டாக்கி, எது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள்.

இரண்டாவது வழி நேரடியாக அளப்பது. கலத்திலுள்ள சிறிதளவு நீராவி மீது மின்னல்போல் ஒளி பாய்ச்சினால் நீர் பிளந்து ஹைட்ராக்சில் வெளிப்படும். ஒரு தனி விளக்கின் ஒளியில் அது மினுங்கும். பென்சீனை மிகுதியாகக் கலந்திருந்தால் மினுக்கம் விரைவில் மங்கும். மங்கும் விரைவே வினையின் விரைவு.

இத்துறையில் நமக்குப் பெருமை தரும் பெயர் ஒன்று உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்றவர் ஏ. ஆர். ரவிசங்கரா. அவரும் ஃபிராங்க் டல்லி முதலிய உடனாய்வாளர்களும் பென்சீன், டொலுவீன் ஆகியவற்றின் வேகத்தை, சுழிக்குக் கீழே 60 பாகைக் குளிர் முதல் 870 பாகைக் கொதிப்பு வரை இம்முறையில் அளந்து 1981இல் வெளியிட்டனர். சாதாரண வெப்பத்தில் ஹைட்ராக்சில் வளையத்தில் ஒட்டிக்கொள்கிறது. கடும் வெப்பத்தில் ஒட்டாமல் ஹைட்ரஜன் அணுவைப் பறித்துக்கொண்டு போகிறது. ஆகவே நெருப்பில் அளந்த வேகத்தை அப்படியே தெருவுக்குப் பொருத்த முடியாது என்று விளங்கிற்று.

அளந்து கண்ட முடிவு என்ன? பென்சீனின் வேகத்தை 1 என்றால், டொலுவீனுக்கு ஏறத்தாழ 4½. மெட்டா சைலீனுக்கு ஏறத்தாழ 19. வளையத்தில் மெதில் தொகுதி சேரச் சேர ஹைட்ராக்சில் விரைந்து பிடிக்கிறது. சராசரிக் கணக்கில், மெட்டா சைலீன் 37 விழுக்காடாகக் குறையச் சுமார் 12 மணி நேரம் ஆகும். டொலுவீனுக்கு 2 நாள். பென்சீனுக்கோ 9 அல்லது 10 நாள்!

இப்போது மஸ்ஜித் இந்தியாவுக்கு வருவோம். நடை வேகத்தில் வீசும் காற்று அரை கிலோமீட்டரைக் கடக்க எட்டு நிமிடம் போதும். அதற்குள், நண்பகலில்கூட, பென்சீனில் நூற்றில் ஒரு பங்கும் அழிந்திராது. அப்படியானால் மறுநாள் நெடி ஏன் இல்லை? காற்று அதை அடித்துச் சென்று பரப்பிவிட்டது, அவ்வளவுதான். கடற்காற்று வீசும் பகலில் அது உள்நாட்டுப் பக்கம் நகர்கிறது. போகும் வழியில் ஹைட்ராக்சில் தன் வேலையைச் செய்கிறது. அதிலும் ஒரு தீங்கு உண்டு. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலும் கூட இருப்பதால், டொலுவீனும் சைலீனும் சிதையும்போது நுரையீரலை உறுத்தும் ஓசோன் உண்டாகிறது. புகை விடுவது ஒரு தெரு. இருமுவது இன்னோர் ஊர்!

வானம் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சாலையோரத்தில் நாள் முழுதும் கடை பரப்பி நிற்பவருக்கு அந்தத் துப்புரவு வந்து சேர்வதில்லை. அவர் மூச்சைக் காப்பது நம் கையில் இருக்கிறது. நிறுத்திய வண்டியின் இயந்திரத்தை அணைத்து வைப்போம். தின்னர் டின்னை இறுக மூடி வைப்போம். பேருந்தும் ரயிலும் கிடைக்கும் இடத்துக்கு அவற்றிலேயே செல்வோம். பத்து நாளில் வானம் செய்யும் வேலையை நம்பி, பத்து நிமிடப் புகையை அலட்சியம் செய்யலாகாது.