கணினி மட்டும் போதாது, பக்கத்தில் ஒருவரும் வேண்டும்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றாள். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்தது ஒரேயொரு போன். அதையும் வாப்பா கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். எனவே உம்மாவும் அவளும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பினார்கள். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில் கடைக்காரர் தன் முகவரியைப் போட்டுவிட்டார். அவர் மீது கெட்ட எண்ணம் சொல்ல முடியாது, தினமும் இருபது பேருக்கு அப்படித்தான் செய்கிறார். திருத்தம் கேட்டு வந்த அறிவித்தல் அந்த முகவரிக்குப் போனது. அதைத் திறந்து பார்க்க யாருமில்லை. என்னிடம் வந்து சொன்னபோது திகதி முடிந்திருந்தது.

மன்னார் தீவிலும் முசலிப் பக்கத்திலும் இப்படிப்பட்ட கதைகளை ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள். "எல்லோரிடமும் போன் இருக்கிறதே, இனி எதற்குக் கணினி நிலையம்?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாட்டில் இந்த முயற்சி நடக்காமல் இல்லை. 2004இல் உலக வங்கியின் 53 மில்லியன் டொலர் உதவியோடு 'இ-ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியது. அதன் கீழ் வந்தவைதான் 'நெனசல' நிலையங்கள். ஆயிரம் நிலையங்கள் என்பது இலக்கு. விகாரைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், நூலகங்கள் எனச் சனம் ஏற்கெனவே வந்துபோகும் இடங்களில் பல நிலையங்களைத் திறந்தார்கள். நல்ல யோசனை. 2014இல் இதன் நூலகத் திட்டத்துக்குக் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. ஆனால் இணைய இணைப்புக்குக் கிடைத்த அரச உதவி குறைந்துகொண்டு வந்தபோது, தன் காலில் நிற்க முடியாத நிலையங்கள் பல மூடிப்போயின. கணினி பழுதானால் திருத்த ஆளில்லை, பொறுப்பாளருக்குச் சம்பளமில்லை. ஓடிய நிலையங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே அக்கறையான ஒருவர் இருந்தார் என்பது தெரியும்.

அதற்கும் முன்பே கொத்மலையில் வேறொரு விதமாகச் செய்தார்கள். 1990களின் கடைசியில், யுனெஸ்கோவின் உதவியோடு, அங்குள்ள சமூக வானொலிக்கு இணைய இணைப்பு வந்தது. கணினியைத் தொடாத விவசாயி கேள்வியை அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, அவருக்குப் புரியும் மொழியில் ஒலிபரப்புவார். கருவி ஒன்றுதான், பயன் ஊருக்கெல்லாம்.

கடலுக்கு அப்பால், புதுச்சேரி மீனவக் கிராமங்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே தகவல் நிலையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 சுனாமியன்று, நல்லவாடு கிராமத்துக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எச்சரிக்கை வந்ததும், அந்த நிலையத்தின் ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பி வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ கடலுக்குப் போகிறவர் வீட்டில் இதை வாசித்தால், விளக்கம் தேவைப்படாது.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. 2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியலில் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய இணையவழியும் இருந்தது. அதே ஆண்டு கடவுச்சீட்டுக்கும் இணையவழி விண்ணப்பம் வந்தது. இவற்றையெல்லாம் போனிலும் செய்யலாம். ஆனால் ஐந்து பக்கப் படிவத்தைச் சின்னத் திரையில் நிரப்பி, ஆவணங்களைச் சரியான அளவில் ஏற்றி, இரகசிய இலக்கம் காலாவதியாகும் முன் அனுப்புவது நமது உம்மாமாருக்கு இலேசான வேலை இல்லை. 1990 அக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது பலர் பத்திரங்களைக்கூட எடுக்க முடியவில்லை. இன்று புத்தளத்தில் பாதி, மன்னாரில் பாதி என்று வாழும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பத்திரமும் ஒரு அலைச்சல்.

நமக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். பள்ளிவாசல் மேல்மாடியிலோ ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ ஓர் அறை, நான்கைந்து பழைய கணினிகள், ஒரு ரவுட்டர், ஒரு ஸ்கேனர். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞரோ யுவதியோ ஒருவருக்குச் சிறு சம்பளம். நிர்வாகங்கள் வாசல் வளைவுக்கும் டைல்ஸுக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். (இதைச் சொன்னதற்கு ஒரு கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

பெண்களுக்குத் தனி நேரம் வைக்க வேண்டும். கடைகளில் பையன்கள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் தன் அடையாள அட்டை இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வது எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொந்த மின்னஞ்சல் திறந்துகொடுத்து, கடவுச்சொல்லை அவரவர் கொப்பியில் எழுதவைத்து, வெளியேறிவிட்டுத்தான் எழும்ப வேண்டும் என்று பழக்க வேண்டும். முதல் தடவை உதவியாளர் நிரப்பட்டும், இரண்டாம் தடவை அவர் பார்த்துக்கொண்டிருக்க வந்தவர் நிரப்பட்டும்.

என் மாணவி இப்போது வேறொரு பயிற்சிநெறி படிக்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது, தன் தங்கைக்குச் சொந்த மின்னஞ்சல் திறந்துகொடுத்ததாகச் சொன்னாள்.