கோத்தகிரியிலிருந்து தேசிய நீச்சல் போட்டிக்குப் போக முடியுமா? ஒரு சீசனின் கணக்கு

வெறும் 0.10 விநாடி. 2021 ஜூன் 26-ம் தேதி, ரோம் நகரில் நடந்த போட்டியில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான 'ஏ' தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. அந்தச் சின்ன இடைவெளியில்தான், 'ஏ' தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார்.

சஜன் பிறந்தது கேரளாவின் இடுக்கியில். வளர்ந்தது, நீச்சல் கற்றது எல்லாம் நம்ம நெய்வேலியில். சரி, நெய்வேலியில் இருந்து ஒருவர் போக முடியும் என்றால், கோத்தகிரியில் இருந்து முடியாதா? பதில் தெரிய வேண்டுமென்றால், முதலில் ஒரு நீச்சல் சீசன் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சீசன் என்றால் என்ன?

ஐபிஎல் மாதிரி இங்கே வாராவாரம் மேட்ச் கிடையாது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். மாநிலப் போட்டியில் எடுக்கும் நேரம்தான் பெரும்பாலும் தேசியப் போட்டிக்கான டிக்கெட்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலை கடைசியில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. செப்டம்பரில் குவாஹாட்டியில் சீனியர் தேசியப் போட்டி. அக்டோபரில் குஜராத் தேசிய விளையாட்டு. அதில் நீச்சல் நடந்தது ராஜ்கோட்டில். மூன்றும் இரண்டரை மாதத்துக்குள்!

உடம்பு வருஷம் முழுக்க உச்சத்தில் இருக்காது. அதனால் மாதக்கணக்கில் காலை, மாலை என இரண்டு வேளையும் கடுமையாக நீந்துவார்கள். பெரிய போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற்றுவார்கள். இதற்குப் பெயர் டேப்பரிங். எந்தப் போட்டிக்கு டேப்பர் செய்வது, எதைப் பயிற்சி மாதிரி நீந்திவிட்டு வருவது என்பதுதான் பயிற்சியாளரின் பெரிய தலைவலி.

காமன்வெல்த்தில் நீந்திய சஜன், அந்த அக்டோபரில் 5 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம் வென்று தேசிய விளையாட்டின் சிறந்த வீரர் ஆனார். கொரோனாவால் 2020-ல் சீனியர் தேசியப் போட்டி நடக்காததையும், கழுத்து டிஸ்க் பிரச்சினையையும் தாண்டி வந்தவர் அவர்.

மலை உயரம் பிளஸ்ஸா, மைனஸா?

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்க நீச்சல் வீரர்கள் பயிற்சி எடுக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஸ்பெயினின் சியரா நெவாடா பயிற்சி மையம் இன்னும் மேலே, 2,320 மீட்டரில்.

இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும். சில வாரம் இருந்துவிட்டு கீழே இறங்கி நீந்தினால் பலன் கிடைக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்காது. தவிர, மேலே நீந்தும்போது வேகமும் குறையும்.

அப்போ தடை எது?

முதல் தடை, தண்ணீரின் சூடு. போட்டிக் குளத்தில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கோத்தகிரியில் குளிர்கால இரவு 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஹீட்டர் இல்லாத குளத்தில் வருஷம் முழுக்கப் பயிற்சி நடக்காது. ஹீட்டர் வைத்தால் கரண்ட் பில் எகிறும்.

இரண்டாவது, நீளம். தேசியப் போட்டி 50 மீட்டர் குளத்தில். அங்கே 200 மீட்டருக்கு 3 திருப்பம்தான். 25 மீட்டர் குளத்தில் 7 திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம், நேரத்தைக் குறைத்துக் காட்டும். சின்னக் குளத்தில் எடுத்த நேரத்தை நம்பிப் போனால், பெரிய குளத்தில் கடைசி 50 மீட்டரில் கை தூக்க முடியாது.

மூன்றாவது, பயணம். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய சென்னை வேளச்சேரி குளத்தில் போட்டி என்றால், மேட்டுப்பாளையம் இறங்கி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். கூடவே அப்பாவோ அம்மாவோ வேலைக்கு லீவு போட வேண்டும். எஸ்டேட் வேலை பார்க்கும் வீட்டில் ஒரு நாள் லீவு என்றால் அது ஒரு நாள் கூலி.

நெய்வேலியில் என்ன இருந்தது?

சஜனின் அம்மா ஷாந்திமோள் ஒரு தடகள வீராங்கனை. என்எல்சியில் வேலை. டவுன்ஷிப்பிலேயே நீச்சல் குளம். பையன் தினமும் போய் நீந்த, ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. பின்னாளில் தாய்லாந்து, துபாய் என்று அவர் பயிற்சிக்குப் போனதெல்லாம் அந்த அடித்தளத்தின் மேல்தான்.

நீலகிரியில் காற்று இருக்கிறது, உயரம் இருக்கிறது. ஏறி இறங்கியே உரமேறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் சூடாக இருக்கும் ஒரு குளம் இருந்தால்தான் இவையெல்லாம் நேரமாக மாறும். அதுவரை மலைப் பிள்ளைகளின் சீசன் பள்ளி விடுமுறையோடு முடிந்துவிடும்.