கெட்டிலைச் செதுக்கும் வித்தை
கம்ப்யூட்டர் திரையில் உருவம் வடிக்க வருபவர்களுக்கு அன்றாடப் பொருள்களே முதல் பாடம்

ரேணிகுண்டா சந்திப்பில் திருப்பதி வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் டீ கெட்டிலை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். ஆனால் அதன் மூக்கு உடலோடு சேரும் இடம் எப்படி இருக்கும், மூடியின் விளிம்பு கூர்மையா மழுங்கலா என்று கேட்டால் விழிப்பார்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செதுக்கக் கற்க வரும் இளைஞரும் முதல் நாளில் இப்படித்தான் விழிக்கிறார்.

மனித முகமும் மிருகமும் இந்தக் கலையில் ஒரு பிரிவு. பூட்டு, ரேடியோ, ரயில் இன்ஜின் போன்ற செய்பொருள்கள் இன்னொரு பிரிவு. இதற்கு 'ஹார்டு சர்ஃபேஸ்' என்று பெயர். முகத்தில் ஒரு சுருக்கம் கூடினால் வயதாகிவிட்டது என்று சமாளிக்கலாம். டிபன் கேரியரில் ஓர் அடுக்கு கோணினால் தப்பிக்க வழியில்லை.

இதற்குப் பிரபலமான முன்னோடியும் ஒரு டீ பாத்திரம்தான். 1975ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் மார்ட்டின் நியூவெல்லுக்குச் சோதனைக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது. எதிரே இருந்த டீ பாத்திரத்தையே வரையலாமே என்றார் மனைவி சாண்ட்ரா. நியூவெல் அதை கிராஃப் தாளில் வரைந்து, புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அந்த முதல் வடிவத்துக்கு அடிப்பாகமே கிடையாது. அது பிறகு சேர்க்கப்பட்டது. ஆனாலும் உலகம் முழுவதும் கிராஃபிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே சோதனை செய்தார்கள். அசல் பாத்திரம் கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று கிராஃப் தாள் வேண்டாம். ஒரு உருளையை எடுத்து, இழுத்து, அழுத்தினால் உடல் தயார். அதே யூட்டாவில் படித்த எட் கேட்மல், ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து 1978ல் வெளியிட்ட முறை, முரட்டுக் கட்டங்களை வழவழப்பான பரப்பாக்கிவிடும். சிக்கல் மூக்கில் தொடங்குகிறது. உடலில் துளை போட்டு மூக்கைச் செருகினால், சேரும் இடத்தில் கோடுகள் குழம்பி, நசுங்கிய எவர்சில்வர் போலத் தெரியும். பலர் கைவிடுவது இங்கேதான். விளிம்பு அடுத்த கண்டம். நிஜப் பொருளில் எந்த விளிம்பும் பிளேடு போல இருக்காது; லேசாக உருண்டிருக்கும், அதில்தான் வெளிச்சம் மெல்லிய கோடாக மின்னும். அதை விட்டால் கெட்டில் காகிதத்தில் மடித்த மாதிரி இருக்கும்.

பக்கத்துத் திருப்பதியில் தேவஸ்தானம் பாரம்பரியச் சிற்பக்கலைக்கென்றே ஒரு கல்வி நிலையம் நடத்துகிறது. கல்லில் பெயர்ந்த சில்லு திரும்பாது. கம்ப்யூட்டரில் இரண்டு விசைகளை அழுத்தினால் திரும்பிவிடும். சலுகைதான், யோசிக்காமல் உளி வைக்கும் பழக்கத்தை வளர்ப்பதும் அதுவே.

முன்பெல்லாம் இந்த மென்பொருள்களின் விலையே நடுத்தரக் குடும்பத்தைத் துரத்தியது. 'பிளெண்டர்' அதை மாற்றியது. 2002ல் அதன் நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரூசண்டால் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டு, எல்லோருக்கும் இலவசமாக்கினார். அதில் உருவான லாட்வியப் படம் 'ஃப்ளோ' 2025ல் ஆஸ்கர் வாங்கியது.

ரேணிகுண்டா வட்டாரத்தில் இப்போது மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் பிளெண்டர் தெரிந்தாலே அங்கே வடிவமைப்பு வேலை கிடைத்துவிடாது. தொழிற்சாலைக்கு மில்லிமீட்டர் பிசகாத வேறு மென்பொருள்கள் வேண்டும். சினிமாவும் வீடியோ கேமும்தான் இந்த வித்தைக்கு நேரான வாசல்.

அங்கும் டிராகனைக் காட்டி மயக்குவதைவிட, ஒழுங்காகச் செய்த ஒரு கெட்டிலைக் காட்டுவது மேல். வண்டி வருவதற்குள் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளலாம்: முன்புறம், பக்கவாட்டு, மேலிருந்து ஒன்று, டீ தீர்ந்ததும் கவிழ்த்து அடிப்பாகம்.