முள் முதலில் விழுந்ததா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை வெயிலில் பன்னிரண்டாவது வளைவைத் திருப்பும்போது என் பழைய பெட்ரோல் கார் பேச்சுமூச்சில்லாமல் அணைந்தது. பின்னால் பூப்பாறைக்குப் போகும் ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது. டயருக்குக் கல் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தேன். சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது.

இதற்கு முன் ஒருமுறை, பங்குனி வெயிலில் வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும்போதும் இப்படித்தான் நின்றது. அப்போது காட்டிய பட்டறையில் முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். பிறகு ஸ்கேன் போட்டார்கள். எரர் கோடு எதுவும் இல்லை. 'பெட்ரோல் பம்ப்பாத்தான் இருக்கும்' என்று அதை மாற்றினார்கள். பணம் போனது, நோய் போகவில்லை.

இந்த முறை பூப்பாறையில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். தேனிப் பக்கத்துக்காரர். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"அணைஞ்சப்ப ஆர்.பி.எம். முள்ளப் பாத்தீகளாண்ணே? வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போதே பொத்துன்னு விழுந்துச்சா, இல்ல எஞ்சினோட சேந்து மெல்ல இறங்குச்சா?"

பொத்தென்றுதான் விழுந்தது. அந்த ஒரு பதிலிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. பெட்ரோல் வராமல் எஞ்சின் தவித்தால், வேகம் குறையக் குறைய முள்ளும் சேர்ந்து இறங்கும். கியரில் இருக்கும் வண்டி உருளும்போது எஞ்சினும் சுற்றத்தான் செய்யும். அப்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், எஞ்சின் சுற்றுகிறது என்ற சேதியே கணினிக்குப் போகவில்லை என்று பொருள். அந்தச் சேதியைச் சொல்வது கிராங்க் சென்சார்.

விரல் நீளம்தான் இருக்கும். என் வண்டியில் இருப்பது பழைய வகை: உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். எதிரே பல்சக்கரம் சுற்றும். பல கார்களில் அதில் 60 பல்லுக்கு இடமிருக்கும், 58தான் இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்தே பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்குப் போடுகிறது. சேதி நின்றால் பெட்ரோலும் தீப்பொறியும் நின்றுவிடும்.

சரி, ஏன் வந்து வந்து போகிறது? சுருளில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல். மலையேற்றத்தில் கியரைக் குறைத்து மெல்லப் போகும்போது எஞ்சின் பக்கம் காற்றோட்டம் குறைந்து சூடு ஏறுகிறது. சூட்டில் அறுந்த முனைகள் விலகுகின்றன. ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. பாலக்காட்டு வெயிலும் போடிமெட்டு ஏற்றமும் தூரத்தில் இருந்தாலும், சென்சாருக்கு இரண்டும் ஒரே சூடுதான்.

ஆனாலும் அவர் உடனே சென்சாரைக் கழற்றவில்லை. முதலில் அதன் சாக்கெட்டைப் பிரித்துப் பின்களைப் பார்த்தார். "இந்த ஊரு மழைக்கும் பனிக்கும் பாதி வண்டில சாக்கெட்டுதாண்ணே கெட்டுப்போவும், சென்சார் நல்லாத்தான் இருக்கும்" என்றார். பின்களில் பச்சைக் களிம்பு இல்லை. எலி கடித்த தடமும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, வயர் கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டினார், முள் துடிக்கவில்லை. எர்த் வயரும் இறுக்கமாக இருந்தது.

அப்புறம்தான் சூடுபடுத்தினார். ஏசியைப் போட்டு, பானெட்டை மூடி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். அரை மணி நேரத்தில் அணைந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யம். ஆறவிடாமல் சாக்கெட்டைப் பிரித்து மீட்டரை வைத்தார்: கம்பி அறுந்த கணக்கு. ஈரத்துணியைச் சென்சார் மேல் சுற்றினார். இரண்டு நிமிடத்தில் மீட்டரில் 900 ஓம் வந்தது. வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

தோட்டங்களில் ஓடிய பழைய டீசல் ஜீப்புகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பம்ப்பும் நாஸிலும் சரியாக இருந்தால் ஓடும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிக்கு உட்பட்டு விற்கும் வண்டிகளில் காற்றழுத்தம், வெப்பம், புகை என்று எல்லாவற்றையும் அளக்கச் சென்சார்கள். மலை வண்டிக்கு அவை வேண்டியவைதான். கடல்மட்டத்தைவிடப் போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. அதை அளந்தால்தான் பெட்ரோலின் அளவைச் சரிசெய்ய முடியும். பிழை வந்தால் கணினி குறித்தும் வைக்கும். கிராங்க் சென்சார் வயரிங் குறைக்கு பி0335 என்று கோடு. பிழை நேர்ந்தபோது வேகம் என்ன, சூடு என்ன என்பதும் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் பதிவாகும். ஆனால் பல குறைகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் எஞ்சின் விளக்கு எரியும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் பதிவெல்லாம் அழிந்துவிடும். வாளையார் நிறுத்தத்துக்கு அப்படி ஒரு சாட்சி இருந்திருந்தால், அது பட்டறையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே போயிருக்கும்.

ஆகவே வண்டி நின்றால் மெக்கானிக்குக்குச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள்: ஏற்றமா சமதளமா, வெயிலா மழையா, கிளம்பி எத்தனை நிமிடம், எவ்வளவு நேரம் ஆறிய பின் ஸ்டார்ட் ஆனது, முள் எப்படி விழுந்தது. வந்து போகும் நோயை, அது வரும் சூழலைத் திரும்ப உண்டாக்கித்தான் பிடிக்க முடியும்.

புதுச் சென்சாரை மாட்டிவிட்டுப் பழையதை என் கையில் கொடுத்தார். நன்றாக ஆறியிருந்தது. சும்மா மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 900 ஓம். குறையே இல்லாத சென்சார்.