ஈரல் ஈந்தார் எய்தும் நலம்

பெருந்துயரச் செய்தி ஒன்றைக் கேட்டவிடத்து, ‘ஈரற்குலை நடுங்கிற்று’ என்று நம் தாய்மார் கூறுவர். அவ்வீரலிலேயே ஒரு பகுதியை அரிந்து, பிழைக்க வேறு வழியின்றிக் கிடக்கும் மகவுக்கோ உடன்பிறந்தாருக்கோ கொடுத்தல் இக்காலத்திற் கைகூடியிருக்கின்றது. பெற்றவர் பிழைத்த செய்தியைப் பலரும் பேசுவர். ஈந்தவர் எவ்வாறு தேறினார் என்று வினவுவார் சிலரே. அவரோ நோயுற்று வைத்தியசாலை புகுந்தவரல்லர். நல்லுடம்போடு சென்று, பிறர்பொருட்டு நோவை ஏற்றவர். ஆதலின், அவர் தேறுதல் இரண சிகிச்சையின் எக்கூறுகளைச் சார்ந்துள்ளது என்பதை யாம் ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஈரலின் இயல்பை அறிதல் வேண்டும். வளர்ந்தோர் உடலில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. வலம், இடம் என இரு பெரு மடல்களாகத் தோன்றும் அதனைப் பிரான்சு தேசத்துக் கூயினோ என்பவர், இரத்தக் குழாய்கள் கிளைக்கும் முறையை ஆராய்ந்து, எட்டுக் கூறுகளாக வகுத்து 1957-ஆம் ஆண்டில் விளக்கினார். ஒவ்வொரு கூறும் இரத்தம் வரும் வழியும் பித்தநீர் செல்லும் வழியும் தனக்கென உடையது. ஆகவே, சிலவற்றைப் பிரித்தெடுத்தாலும் எஞ்சியவை தம் தொழிலைச் செய்யும். அன்றியும், அவை வளரும் தன்மையன. அரிந்த மடல் வாழைக்கன்றுபோல் மீண்டும் முளைப்பதன்று. எஞ்சிய பகுதியே பருத்து இழந்த அளவை ஈடுசெய்கின்றது. இவ்வளர்ச்சி முதலிரு வாரங்களில் மிக விரைவாகவும், பின்னர்ச் சில திங்கள் மெல்லவும் நிகழும்.

இவ்வியல்பை நம்பியே 1988-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோ நகரில் ராயா என்பார் உயிருள்ளார் ஈரலைப் பிறர்க்கு வைக்க முதன்முதல் முயன்றார். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்பார், ஜப்பானியத் தாய் ஒருவர் ஈந்த பகுதியை அவர்தம் மகனுக்கு வைத்து வெற்றி கண்டார். 1998-இல் டில்லியில் ஒரு தந்தை தம் குழந்தைக்கு இவ்வாறே ஈந்தார். குழந்தைக்கு இடமடலின் ஓரப்பகுதியே போதும். அது முழு ஈரலிற் காற்பங்கிற்கும் மேற்படாது. வளர்ந்தோர்க்கு வேண்டுவதோ பெரும்பாலும் வலமடல். அது நூற்றுக்கு 60 பங்கிற்கும் மேலாதல் உண்டு. இங்கேதான் ஈவோரின் இடர் மிகுகின்றது.

ஆதலின் முதற்கூறு, எஞ்சும் ஈரலின் அளவாம். முழு ஈரலில் நூற்றுக்கு 30 பங்கேனும் ஈவோரிடம் எஞ்சுதல் வேண்டும் என்பது பெரும்பான்மையோர் கொள்ளும் வரம்பு. ஸ்கேன் படங்களைக் கொண்டு இவ்வளவை முன்னரே கணிப்பர். எஞ்சியது மிகக் குறையின் காமாலை தோன்றும். வயிற்றில் நீர் கோக்கும். இரத்தம் உறைதல் தாமதிக்கும். ஈரலிற் கொழுப்பு ஏறியிருந்தால், கணக்கிற் போதுமென்று தோன்றும் அளவும் தொழிலிற் போதாது. ஆதலாலேயே பருத்த உடலினரைச் சில திங்கள் எடை குறைத்து வருமாறு பணிப்பர்.

இரண்டாவது, நடு ஈரல்நாளம். இரு மடல்களின் எல்லையில் ஓடும் இக்குழாய் இருபுறத்து இரத்தத்தையும் வடிப்பது. வலமடலோடு இதனையும் எடுத்துவிட்டால், பெறுவோர்க்கு நன்மை; ஈந்தவரின் எஞ்சிய ஈரலில் ஒரு பகுதியோ இரத்தந் தேங்கி வளர்ச்சி குன்றும். ஈவோரிடமே விட்டுவிட்டால், எடுத்த மடலின் முன்பகுதிக்கு வேறு வடிகால் அமைத்தாக வேண்டும். வைத்தியர்க்கு அஃது உழைப்பு மிக்க வேலை. இருவர் நலமும் ஒரு குழாயில் முரணுமிடத்து யார் பக்கம் நிற்பது என்பதை வைத்தியர் கத்தி எடுக்குமுன்னரே துணிதல் வேண்டும்.

மூன்றாவது, பித்தக் குழாயை அறுக்குமிடம். பொதுக் குழாய்க்கு மிக அணித்தாக அறுத்தால், ஈந்தவரின் குழாய் பின்னர்ச் சுருங்கக் கூடும்; மிகத் தள்ளி அறுத்தால், பெறுவோர்க்கு ஒரு வாய்க்கு மாறாக இரண்டு மூன்று வாய்களைத் தைக்க நேரும். அரிந்த முகத்திலுள்ள நுண்குழாய்களிலிருந்து பித்தநீர் கசிதலும் உண்டு. ஈந்தோர்க்கு நேரும் பெருந்தொல்லைகளுள் அடிக்கடி காணப்படுவது இதுவே. குழாய்களின் கிளைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுதலின், முன்னரும் அறுக்கும்போதும் படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

நான்காவது, இரத்தச் சேதமும் வயிற்றுக் கீறலும். மென்மையான சதையை மட்டும் உடைத்துக் குழாய்களை விட்டுவைக்கும் அல்ட்ராசானிக் கருவியாலும், மயக்க மருந்து வைத்தியர் நாளங்களின் அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பதாலும், இரத்தச் சேதம் பெரிதுங் குறைந்துள்ளது. விலாவின்கீழ் நீளக் கீறுதல் வழக்கமாயிருந்தது. அதனால் நோவு மிகும். மூச்சு இழுத்து விட அஞ்சுவர். பின்னாளில் அவ்விடத்துக் குடல் பிதுங்குதலும் கூடும். 2002-இல் பாரிஸ் நகரில் சிறு துளைகள் வழியே இடமடலின் ஓரப்பகுதியை எடுத்துக் காட்டினர். இம்முறையில் நோவு குறைவு. ஆயினும், தேர்ந்த கைகளுக்கே உரியது.

இவ்வளவும் செவ்வனே முடிந்தபின்னும் தேறுதல் முற்றுப்பெறுவதில்லை. 2002-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தம் உடன்பிறந்தாருக்கு ஈரல் ஈந்த ஒருவர் மூன்றாம் நாள் இறந்தார். சிகிச்சைக்குப் பிந்திய கண்காணிப்பிற் பெருங்குறை இருந்ததென அரசாங்க விசாரணையில் வெளிப்பட்டது. அதன் பின்னர், ஈவோர் நலத்தை மட்டுமே கருதும் தனிக் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது. நோவை அடக்குதல், மறுநாளே எழுப்பி நடத்தல், ஆழ மூச்சிழுக்கப் பயிற்றுதல், கால் நாளங்களில் இரத்தம் உறையாமற் காத்தல் ஆகிய எளிய பணிகளே இங்கு உயிர் காப்பன. வீடு சேர்ந்தபின்னும் சில வாரங்கள் பளு தூக்கலாகாது. தொழிலுக்குத் திரும்ப இரண்டு மூன்று திங்களாதல் உண்டு.

இடரின் அளவையும் மறைத்தல் தகாது. அமெரிக்காவில் ஒன்பது வைத்தியசாலைகள் சேர்ந்து ஆராய்ந்தவிடத்து, ஈந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் ஏதேனுமொரு தொல்லைக்கு உள்ளாயினர். அவற்றுட் பெரும்பாலன சிறியனவே. வலமடல் ஈந்தோருள் 1000 பேருக்கு 2 முதல் 5 பேர் வரை உயிரிழத்தல் கூடும் எனக் கணித்துள்ளனர். தொகை சிறிது; ஆனால் இறப்பவர் நோயற்றவர்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்காள்! நும்முள் எவரையேனும் ஒருநாள் குடும்பம் நோக்கக்கூடும். இளையவர், உடல்நலமுடையார் என்பதுபற்றி, வாய்திறந்து கேளாமலே பலர் கண்ணும் நும்மேல் விழும். அன்பினால் இசைதல் அரிய செயலே. அஞ்சி மறுப்பினும் அது பழிக்கத் தக்கதன்று. இசைவதாயின், வைத்தியரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேண்மின். எனக்கு எவ்வளவு எஞ்சும்? நடு நாளம் யாரிடம் இருக்கும்? இத்தகைய சிகிச்சைகள் இங்கு எத்தனை நடந்துள்ளன? ஈந்தபின் என்னை இரவிற் கவனிப்பவர் யாவர்? இவற்றுக்கு நேரிய விடை தருவார் கையிலேயே உடலை ஒப்புவித்தல் தகும். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வாயில் வழியே நடந்து இல்லம் சேர்வதே இச்சிகிச்சையின் பயன் என்க.