ஓசியில் ஒரு டிராயிங் போர்டு!

டிராயிங் சாஃப்ட்வேர் வாங்கக் காசில்லையா? 'கிராக்' வெர்ஷன் தேடி ஓடாதீங்க பாஸ்! கூடவே வைரஸும் வந்து உட்கார்ந்தா, புராஜெக்ட்டோட சிஸ்டமும் காலி.

பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கா? லிப்ரேகேட் போதும். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வீட்டு பிளான், மர ஷெல்ஃப் மாதிரி 2டி படங்களுக்குக் கச்சிதம். டி.எக்ஸ்.எஃப். ஃபைலாக சேமித்தால் லேசர் கட்டிங் கடையிலும் திறக்கும். ஆனா, டி.டபிள்யூ.ஜி.யாக சேமிக்காது. சார் அதைத்தான் கேட்பார்னா முன்கூட்டியே பேசிடுங்க.

3டி ஆசைக்கு ஃப்ரீகேட். 2002-ல் வெளிவந்தது, 1.0 ஆனது 2024 நவம்பரில்தான். அம்புட்டுப் பொறுமை! ஒரு அளவை மாத்தினா மாடலே அதுக்கேத்தபடி மாறும். 8 ஜி.பி. ராம் இருந்தா நிம்மதி.

செலவு பண்ணியே ஆகணும்னா வீல் வச்ச மவுஸ் வாங்குங்க. ஜூம் பண்றது அதுலதான். டச்பேடுல வரைஞ்சா விரல்தான் தேயும்!