கற்கண்டு உருவாகும் விதமும் சிறுநீரகக் கல் உருவாகும் விதமும் ஒன்றே!



2023ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், இலங்கையின் கொழும்பு இராணுவ மருத்துவமனையில் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருடைய சிறுநீரகத்திலிருந்து மருத்துவர்கள் எடுத்த கல்லின் நீளம் 13.372 சென்டிமீட்டர், எடை 801 கிராம். உலகின் மிகப் பெரிய சிறுநீரகக் கல் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. ஒரு மனிதச் சிறுநீரகத்தின் எடையே ஏறத்தாழ 150 கிராம்தான். அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் கனமான கல் அது!

இவ்வளவு பெரிய கல் மிக மிக அரிது. மணல் அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரையிலான கற்களையே மருத்துவர்கள் பெரும்பாலும் பார்க்கிறார்கள. ஆனால் சிறியதோ பெரியதோ, எந்தக் கல்லுக்கும் அடிப்படை அறிவியல் ஒன்றுதான். அதை நீங்கள் இரண்டாம் படிவத்தில் 'நீரும் கரைசலும்' பாடத்திலேயே படித்துவிட்டீர்கள்.

கற்கண்டு சொல்லும் பாடம்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் மளிகைக் கடைகளில் கட்டிக் கற்கண்டு பார்த்திருப்பீர்கள். சில கட்டிகளின் நடுவே ஒரு நூல் இருக்கும். கெட்டியான சீனிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு ஆறவைத்தால், கரைந்திருந்த சீனி நூலில் ஒட்டிப் படிகமாக வளர்கிறது. இதற்கு மேல் கரையாது என்ற நிலையை எட்டிய கரைசலைப் பள்ளியில் 'லாருத்தான் தெப்பு' என்கிறோம். தமிழில் அது தெவிட்டிய கரைசல்.

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஒன்று முதல் இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. அதில் யூரியா, கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை கரைந்திருக்கின்றன.

நீங்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தால் என்ன நடக்கும்? வெளியேற வேண்டிய கழிவின் அளவு குறையாது. அதைக் கரைக்கும் நீர்தான் குறையும். சிறுநீர் தெவிட்டிய நிலையைத் தாண்டும்போது கால்சியமும் ஆக்சலேட்டும் கைகோத்துப் படிகமாகின்றன. சிறுநீரில் உள்ள சிட்ரேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இதைத் தடுக்கப் பார்க்கிறது. அதனால் முடியாதபோது படிகத்தின்மேல் படிகம் படிந்து கல் வளர்கிறது. பத்துக் கற்களில் ஏறத்தாழ எட்டு, கால்சியத்தால் ஆனவை. மற்றவை யூரிக் அமிலத்தாலோ, கிருமித் தொற்றாலோ, பரம்பரைக் காரணங்களாலோ உருவாகின்றன.

மலாய் மொழியில் இதற்குப் 'பத்து காராங்' என்று பெயர். 'காராங்' என்றால் பவளம். பவளப்பாறையும் கால்சியச் சேர்மம் படிந்து படிந்து வளர்வதுதான். பொருத்தமான பெயர், இல்லையா?

சிறிய கல், பெரிய வலி

சிறுநீரகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும் கல், நெடுநாள் வலி தராமலும் இருக்கலாம். அது நகர்ந்து சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கும்போதுதான் தொல்லை. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் இந்தக் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அகலமோ சில மில்லிமீட்டர் மட்டுமே. கல் அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னால் தேங்கி, சிறுநீரகம் வீங்குகிறது. முதுகின் பக்கவாட்டில் தொடங்கும் வலி அடிவயிறு வரை அலை அலையாகப் பரவும். வாந்தி வரலாம்; சிறுநீரில் இரத்தமும் கலந்து வரலாம்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தாலும், சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலும், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அடைப்புக்குப் பின்னால் கிருமித் தொற்று இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

கிள்ளான் பள்ளத்தாக்கில் மதிய வெயில் 32, 33 பாகை செல்சியஸைத் தொடுவது சாதாரணம். வியர்வையாக நீர் வெளியேறினால், சிறுநீருக்குக் கிடைக்கும் நீர் குறையும். போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டும் அப்பா, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் நிற்கும் அம்மா, மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிக்கும் அண்ணன் எல்லாரும் இதில் அடங்குவார்கள்.

நீங்களும்தான்! காலையில் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலை மாலையில் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகும் மாணவர்கள் எத்தனை பேர்? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரைத் தவிர்ப்பவர்களும் உண்டு; குறிப்பாக மாணவிகள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிப்பறை அசுத்தமாக இருந்தாலோ கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருந்தாலோ வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். சுத்தமான கழிப்பறை உங்கள் உடல்நலத்துக்கான தேவை. அதற்காகத் தாகத்தை அடக்குவது தீர்வாகாது.

தண்ணீருக்கு என்ன ஆதாரம்?

'தண்ணீர் குடி' என்று எல்லாரும் சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள், முதன்முறையாகக் கல் வந்த 199 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர், நாளுக்கு 2 லிட்டராவது சிறுநீர் கழிக்கும் அளவுக்கு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். மற்றக் குழுவினர் வழக்கம்போல் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கு மட்டுமே மீண்டும் கல் வந்தது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு வந்தது. இம்முடிவு 1996இல் வெளியானது. இங்கே தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

நம் நாட்டு உணவு வழிகாட்டி நாளுக்கு 6 முதல் 8 குவளை தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சி நாளில் இன்னும் கூடுதலாக வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் பல லிட்டர் குடிக்கக் கூடாது, அதுவும் ஆபத்தே. நாள் முழுவதும் பிரித்துக் குடியுங்கள்.

உப்பு, பால், பெலிம்பிங்

உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாக வெளியேறும். நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். உடனடி மீ பொட்டலத்தின் பின்புறத்தில் எவ்வளவு சோடியம் என்று படித்துப் பாருங்கள்.

'கல் கால்சியத்தால் ஆனது. அதனால் பால் குடிக்காதே' என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது தெரிந்தது. காரணம் எளிது. உணவிலுள்ள கால்சியம், குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கீரையில் ஆக்சலேட் உண்டு. ஆகவே கீரைப் பொரியலும் தயிர்ச் சோறும் ஒரே இலையில் இருப்பது நல்ல பொருத்தம். தே தாரிக்கிலும் தேயிலையின் ஆக்சலேட்டைப் பால் பிடித்துக்கொள்ளும். அதில் உள்ள சீனிதான் பிரச்சினை.

கஸ்தூரி எலுமிச்சையில் சிட்ரேட் நிறைய இருக்கிறது. சாறு பிழிந்து குடிக்கலாம். சீனியைக் குறையுங்கள், உப்பில் ஊறிய அசாம் போயைத் தவிருங்கள்.

வீட்டுக் கொல்லையில் காய்க்கும் பெலிம்பிங் பழத்தில் ஆக்சலேட் மிக அதிகம். நரம்பைப் பாதிக்கும் நச்சும் அதில் உண்டு. ஆரோக்கியமானவர்கள் ஓரிரு துண்டுகள் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் அதைத் தொடவே கூடாது. தாத்தா பாட்டிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கல்லை உடைக்கும் அலை

வாழைத்தண்டுப் பொரியலும் பார்லித் தண்ணீரும் நல்ல உணவுகள். பார்லித் தண்ணீர் குடிப்பவருக்கு நீர் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே உருவான கால்சியம் ஆக்சலேட் கல்லை இவை கரைத்துவிடும் என்று நம்பி, மருத்துவரைப் பார்க்காமல் நாள் கடத்தக் கூடாது.

இன்று கத்தியின்றியே பல கற்களை அகற்ற முடிகிறது. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம், வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதுவதால் ஏற்படும் சேதத்தை ஆராய்ந்தபோது அதிர்ச்சி அலைகளைப் பற்றி அறிந்துகொண்டது. அந்த அறிவிலிருந்து பிறந்த கருவியால் 1980 பிப்ரவரி 7ஆம் நாள் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தரப்பட்டது. உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அலைகள் கல்லைத் துகள்களாக்க, அவை சிறுநீரோடு வெளியேறுகின்றன. மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி லேசர் ஒளியால் கல்லை உடைக்கும் முறையும் உண்டு. நம் கோலாலம்பூர் மருத்துவமனையில் சிறுநீரக நோய்களுக்கென்றே தனிக் கழகம் இயங்குகிறது.

இந்த வாரச் செயல்பாடு

அரைக் குவளை வெந்நீரில் இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரையுங்கள். தெளிந்த கரைசலில் பாதியை இன்னொரு குவளையில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேருங்கள். இரண்டிலும் ஒரு நூலைத் தொங்கவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். நூலின் மூழ்கிய பகுதியில், எந்தக் குவளையில் முதலில் படிகம் வளர்கிறது?

அதே வாரம் உங்கள் சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நன்று. அடர் மஞ்சள் என்றால் உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். முதல் நாள் சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டிருந்தால் மட்டும் இளஞ்சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்! பழம் சாப்பிடாமலேயே சிவந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.